கடல் கடந்த கரணம்

நம் வட்டத்தின் கூட்டமொன்றில் உடன்போக்குப் பாடல்களைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தபோது இளங்கவிஞர் ஒருவர் வினா ஒன்றை எழுப்பினார். தலைவனும் தலைவியும் பாலைவழி கடந்து வேற்றூர் போய்ச் சேர்கின்றனர். அவ்வூரார் அவர்களைக் கணவனும் மனைவியும் என்று எதைக்கொண்டு ஏற்பர் என்பது அவர் கேள்வி. அன்று நேரமில்லாமையால் விடை சொல்லாமலே கலைந்தோம். இக்கட்டுரை அவருக்கு நான் பட்ட கடன்.

தொல்காப்பியர் இவ்வினாவை அறியாதவரல்லர். பொய்யும் தவறும் தலையெடுத்த பிறகே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்பது கற்பியலில் அவர் தரும் செய்தி. அச்சடங்கிற்கு அவர் இட்ட பெயர் கரணம். பெண்ணைக் கொடுப்பதற்கு உரியவர் உடனில்லாதபோதும், தலைவனோடு தலைவி புறப்பட்டுப் போன காலத்தில், கரணம் நிகழ்தல் உண்டென்றும் அவர் இடங்கொடுக்கிறார். அன்பு இருவருக்குள் நிகழ்வது. கரணமோ மூன்றாமவருக்காக ஏற்பட்டது. அந்த மூன்றாமவர் ஊராராக இருந்தவரை சிக்கல் பெரிதாக இல்லை. அவர் ஓர் அரசாங்கமாகவும், அதிலும் நம் மொழியும் வழக்கமும் அறியாத அயலரசாங்கமாகவும் ஆனபோது என்ன நேர்ந்தது என்பதே இங்கே சொல்ல வருவது.

அயல்நாட்டில் மணம் புரிவோர்க்கு இன்றைய அரசுகள் விதிக்கும் நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. நம் நாட்டின் 1969ஆம் ஆண்டு அயல்நாட்டுத் திருமணச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். மணமக்களுள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். இருவருக்கும் உயிரோடுள்ள வேறு துணை இருத்தலாகாது. தூதரகத்திலுள்ள திருமண அதிகாரிக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். 30 நாள் தடை கூறுவோர் உளரோ என்று பார்க்க வேண்டும். மூன்று சாட்சிகள் முன்னிலையில் உறுதிமொழி கூறிக் கையொப்பமிட வேண்டும். படிக்கையில் உயிரற்ற விதிகளாகத் தோன்றும். ஆனால், 'வேறு துணை இருத்தலாகாது' என்னும் ஒரு வரியை ஒட்டி ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சிறைசெல்லும் நிலை நேர்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்.

சட்டவாணர் கூறும் பொதுவிதிகள் இரண்டு. மணம் முறைப்படி நடந்ததா என்பதை அது நடந்த நாட்டின் சட்டம் சொல்லும். மணந்துகொள்ளும் தகுதி இருவர்க்கும் உண்டா என்பதை அவரவர் நிலையாக வாழும் நாட்டின் சட்டம் சொல்லும். இவ்விரண்டும் நேராக நின்றிருந்தால், தஞ்சாவூரில் தாலி கட்டியவன் கேப்டவுனிலும் கணவனே. ஆனால், ஆங்கிலேய நீதிமன்றம் 1866இல் இவ்விதிக்கு ஒரு விலக்கைச் செதுக்கிவிட்டது.

அவ்வழக்கில் நம்மவர் எவருக்கும் தொடர்பில்லை. ஜான் ஹைட் என்னும் ஆங்கிலேயர் மார்மன் சமயத்தைத் தழுவி, அமெரிக்காவின் யூட்டா நிலப்பகுதியில் 1853இல் அச்சமயப் பெண் ஒருத்தியை மணந்தார். பின்னர் அச்சமயத்தைத் துறந்தார். மனைவி வேறொருவரை மணந்துகொண்டாள். ஹைட் இங்கிலாந்து திரும்பி மணமுறிவு கேட்டார். பிற்காலத்தில் பென்சான்ஸ் பிரபு எனப்பட்ட நீதிபதி அதை மறுத்தார். கிறித்துவ உலகம் திருமணம் என்று கருதுவது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிறரை விலக்கி வாழ்நாள் முழுதும் கூடியிருக்கும் உறவையே. பலதார மணத்துக்கு இடந்தரும் முறையில் நடந்த மணம், உண்மையில் ஒருத்தியோடு மட்டுமே வாழ்ந்தாலும், அவ்வரையறைக்குள் வாராது என்பது அவர் கருத்து. ஹைட் மணந்தது ஒருத்தியைத்தான். குற்றம் அவருடையதன்று, அவர் மணந்த முறையினுடையது.

அந்நீதிபதி எச்சரிக்கையும் உடையவர். மணமுறிவு முதலிய பரிகாரங்களுக்கே தம் தீர்ப்பு பொருந்தும், பிள்ளைகளின் முறைமை பற்றியோ சொத்துரிமை பற்றியோ தாம் ஒன்றும் சொல்லவில்லை என்று எல்லை கட்டினார். கருத்து மட்டும் பேரரசெங்கும் பரவியது; எல்லை பின்தங்கிவிட்டது. ஒரு வரையறையை அதன் இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் நட்டால் என்ன விளையும் என்பதைச் சொற்களோடு பழகும் நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். கப்பற் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். தந்தை பெயர், சாதி, ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை அடுத்தடுத்த கட்டங்களில் நிரப்பப்பட்டன. மச்சமும் தழும்பும் ஏறிய அந்தப் பதிவேடு பின்னாளில் உறவுகளையும் எழுதத் தலைப்பட்டது. 1891ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம், ஒப்பந்தத்தில் வந்தோரின் திருமணங்களைக் 'காப்பாளர்' எனப்பட்ட அதிகாரியிடம் பதிவு செய்ய வழிவகுத்தது. தோட்டத்தில் ஆள்கணக்குச் சரியாக இருக்க வேண்டுமல்லவா? சொந்தச் செலவில் வணிகத்துக்குச் சென்ற இந்தியர் அச்சட்டத்திற்குள் வாரார். அவர்கள் சமய முறைப்படி மணந்து, கேட்பாரின்றி வாழ்ந்தனர்.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது நேட்டால் அரசு 1895இல் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதித்தது. ஆடவரில் 16 வயது கடந்தவரும் பெண்டிரில் 13 வயது கடந்தவரும் தனித்தனியே கட்ட வேண்டும். குடும்பம் என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. கணவனுக்கு 3 பவுன், மனைவிக்கு 3 பவுன், பருவமெய்திய மகளுக்கு 3 பவுன். 1910இல் பெண்களுக்கு விலக்களிக்கும் அதிகாரம் நீதிபதிகளுக்குத் தரப்பட்டதாயினும், வரி ஒழியவில்லை. வரிக்கணக்கில் முழு ஆளாக நின்ற இப்பெண்கள், அதே நாட்டின் நீதிமன்றத்தில் மனைவியராக நிற்க முடியுமா என்னும் கேள்வி 1913இல் எழுந்தது.

ஹாசன் ஈசாப் என்பவர் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்திய முஸ்லிம். 1908இல் தாயகம் சென்று பாய் மரியம் என்னும் பெண்ணை இசுலாமிய முறைப்படி மணந்தார். அவளை அழைத்துவந்தபோது குடிவரவு அதிகாரிகள் கரையிறங்க விடவில்லை. நிலையாக வாழும் உரிமையுடையவனின் மனைவி நாட்டுக்குள் வரலாம் என்பது சட்டம். ஆகவே, 'மனைவி' யார் என்பதே வழக்காயிற்று. கேப் மாகாண உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மால்கம் சர்ல் 1913 மார்ச் 14ஆம் நாள் தீர்ப்புரைத்தார். பலதார மணத்துக்கு இடந்தரும் சமய முறையில் நடந்த மணத்தை இந்நாட்டுச் சட்டம் திருமணமாகக் கொள்ளாது. எனவே பாய் மரியம் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லள். ஈசாபுக்கு வேறு மனைவி உண்டா இல்லையா என்பது பொருட்டாகவில்லை. ஹைட்டுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது.

ஈண்டு ஒன்றை நடுநிலையோடு சொல்ல வேண்டும். கிறித்துவ முறைப்படி நடவாத, பதிவு செய்யாத இந்தியத் திருமணங்கள் அனைத்தையும் அத்தீர்ப்பு செல்லாதனவாக்கிவிட்டது என்று காந்தியடிகள் எழுதினார். நம் நூல்கள் பலவும் அதையே வழிமொழிகின்றன. தீர்ப்பின் சொற்களை மட்டும் நோக்கினால் அது அவ்வளவு தூரம் போகவில்லை. அது ஓர் இசுலாமியத் திருமணத்தைப் பற்றி, குடிவரவு குறித்த ஒரு வழக்கில் எழுந்தது. ஆயினும், மக்கள் அதை அகலப் பொருள்கொண்டது பிழையென்று நான் கருதவில்லை. இந்து முறையும் அக்காலத்தில் ஒருவன் பல மனைவியரைக் கொள்ளத் தடை சொல்லவில்லையே. அதே காரணத்தை இன்னொரு நீதிபதி நாளை ஓர் இந்துப் பெண்ணுக்கு எதிராகவும் எடுத்துரைக்கலாம். தீர்ப்பை அரசு மாற்றும் என்று காத்திருந்தனர். அவ்வாண்டே வந்த குடிவரவுச் சட்டமும் ஐயத்தைத் தீர்க்கவில்லை. மனைவி மனைவியல்லள் என்றால் பிள்ளைகள் யார்? தகப்பன் சொத்து எவர்க்கு? கடலுக்கு அப்பால் காத்திருக்கும் பெண்ணைக் கப்பலேறி வா என்று எப்படி எழுதுவது? இவையே வீடுதோறும் எழுந்த கேள்விகள்.

அதுவரை பெண்களைப் போராட்டத்திற்கு அழைக்கக் காந்தியடிகள் உடன்பட்டவரல்லர். இப்போது தடை நீங்கிற்று. டிரான்சுவால் இந்தியப் பெண்கள் 1913 மே மாதத்திலேயே கூடி, குறை தீராவிடில் சிறைசெல்வோம் என்று அரசுக்குத் தெரிவித்திருந்தனர். கஸ்தூரிபாயிடம் நேரே கேட்க அடிகள் தயங்கினார். மற்றவர்களோடு அவர் பேசிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கிய அம்மையார், தம்மை மட்டும் ஏன் விட்டுவிட்டீர் என்று கேட்டுத் தாமே முன்வந்தார். செப்டம்பர் 15ஆம் நாள் பீனிக்சு குடியிருப்பிலிருந்து பெண்கள் நால்வர் உட்பட 16 பேர் புறப்பட்டனர். டிரான்சுவால் எல்லையில் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். அந்நால்வரும் குசராத்தியர்.

மற்றொரு குழு டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்தவர்களுடையது. அக்குழுவின் பெண்கள் பதினொருவர். ஒருவர் நீங்கலாக அனைவரும் தமிழ்ப்பெண்கள் என்கிறார் அடிகள். அறுவர் கையில் குழந்தைகள். இவர்களைப் பிடித்துச் சிறையிலிட அரசுக்கு முதலில் மனம் வரவில்லை. அனுமதியின்றி எல்லை கடந்தனர், எவரும் தடுக்கவில்லை. உரிமமின்றித் தெருவில் பொருள் விற்றனர், எவரும் கேட்கவில்லை. பிறகு நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாசில் நகரின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, 3 பவுன் வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர் என்று தொழிலாளரிடம் தமிழிலும் தெலுங்கிலும் பேசினர். சுரங்கங்கள் நின்றன. அக்டோபர் 21ஆம் நாள் அவர்கள் கைதாயினர். வேலைநிறுத்தமோ கைதாகவில்லை, கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. நவம்பர் 6ஆம் நாள் காந்தியடிகள் எல்லை நோக்கி அழைத்துச் சென்ற கூட்டத்தில் ஆடவர் 2,037, பெண்டிர் 127, சிறுவர் 57. வழியில் இரண்டு கைக்குழந்தைகள் மாண்டன. தாய்மார் நடையை நிறுத்தவில்லை.

அப்பெண்கள் பதினொருவரின் பெயர்களையும் அடிகள் தம் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக நூலில் எழுதிவைத்திருக்கிறார். திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி கே. முருகேச பிள்ளை, திருமதி ஏ. பெருமாள் நாயுடு, திருமதி பி. கே. நாயுடு, திருமதி கே. சின்னசாமி பிள்ளை, திருமதி என். எஸ். பிள்ளை, திருமதி ஆர். ஏ. முதலிங்கம், திருமதி பவானி தயாள் என ஒன்பதின்மர். எஞ்சிய இருவர் மணமாகாதவர்: மீனாட்சி பிள்ளை, பைக்கம் முருகேச பிள்ளை. இப்பட்டியலை நான் பலமுறை படித்ததுண்டு. மனைவி என்னும் பெயரைச் சட்டம் ஏற்க வேண்டுமென்று சிறைசென்ற ஒன்பதின்மரும் இதில் கணவன் பெயராலேயே நிற்கின்றனர். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் என்றும், பவானி தயாளின் மனைவி ஜகராணி என்றும் வேறு வழிகளால் அறிகிறோம். மற்றவர்களைத் தாய்தந்தையர் என்ன பெயரிட்டு அழைத்தனரோ! போராட்டம் வென்றதை இதைவிடத் தெளிவாகவும் கசப்பாகவும் காட்டும் சான்று வேறில்லை.

தில்லையாடி வள்ளியம்மையை அறியாதார் நம்முள் இலர். அவர் மணமாகாத பதினாறு வயதுப் பெண். சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்தார். அவர் கல்லறை சொகானசுபர்க்கின் பிராம்பாண்டைன் இடுகாட்டில் உள்ளது. 1997இல் அங்கு நினைவுக்கல்லைத் திறந்துவைத்தவர் வால்டர் சிசுலு. அவரைப் பற்றி நம் கவிஞர்கள் நிறையவே பாடிவிட்டமையின் விரிக்காது விடுகிறேன். ஆனால், சுரங்கத் தொழிலாளர் நடந்த வழியில் நடந்த 127 பெண்டிரைப் பற்றி ஒரு பாட்டும் என் கண்ணில் படவில்லை.

அரசு இறங்கிவந்தது. நீதிபதி வில்லியம் சாலமன் தலைமையிலான விசாரணைக் குழு வரியை நீக்கவும், திருமணச் சிக்கலைத் தீர்க்கவும் பரிந்துரைத்தது. சுமட்சும் காந்தியடிகளும் கடிதங்களால் உடன்பாடு கண்டனர். அதன் விளைவே 1914ஆம் ஆண்டின் இந்தியர் துயர்நீக்கச் சட்டம். 3 பவுன் வரி ஒழிந்தது. திருமணம் குறித்து அச்சட்டம் மூன்று செய்தது. இந்தியச் சமயங்களின் குருமார்களைத் திருமண அதிகாரிகளாக நியமிக்கலாம். அவர்கள் தம் சமய முறைப்படி நடத்திப் பதியும் மணம் சட்டப்படியான மணம். ஏற்கெனவே நடந்த மணங்களுள், ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்வோர் தம் உறவைப் பதிந்து சட்டத் தகுதி பெறலாம். இந்தியாவில் சமய முறைப்படி மணந்த மனைவியருள் ஒருத்தியும், அவள் பிள்ளைகளும் நாட்டுக்குள் வரலாம்.

ஒருத்தி என்னும் சொல்லை நோக்குக. பென்சான்ஸ் பிரபுவின் வரையறை அசையவில்லை. அதன் வாயிலில் ஒரு புதிய படி கட்டப்பட்டது, அவ்வளவே. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை உடைய முஸ்லிம் குடும்பங்கள் சட்டத்துக்கு வெளியே நின்றன. ஏற்கெனவே இருந்த சிலருடைய நிலை நிருவாகத்தின் தயவில் விடப்பட்டது. முஸ்லிம்களுள் சிலர் இவ்வுடன்பாட்டைக் குறைகூறியது வியப்பன்று. வழக்கைத் தொடுத்தவரே அவர்கள்தாமே.

இந்துக் குடும்பங்களுக்கு வந்த மாற்றம் வேறுவகையானது. அதுவரை தாலி தானே சான்று. தீவலம் தானே சாட்சி. இனி அவற்றின் அருகில் ஒரு பதிவேடும் பேனாவும் இருக்க வேண்டும். குருக்கள் நியமனம் பெற்றவராக இருத்தல் வேண்டும். அன்றேல் மணவறையில் என்ன நடந்தாலும் அரசைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் திருமணச் சட்டமும் கிறித்துவ, யூத, இசுலாமியக் குருமாரோடு இந்தியச் சமயத்தார்க்கும் இவ்வழியையே காட்டியது. தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் நியமனம் பெற்றவர் எங்கும் இருந்துவிடவில்லை. இருந்தாலும் பதிவைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திப்போட்ட குடும்பங்கள் பல.

அயல்நாட்டாரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. நம் மண்ணில் புரோகிதரின்றி, மாலை மாற்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. அண்ணாவின் அரசு 1967இல் இயற்றிய சட்டம் வரும்வரை, பல்லாயிரம் தமிழ்ப்பெண்கள் தாய்நாட்டிலேயே சர்ல் தீர்ப்பின் நிழலில் வாழ்ந்தனர் எனலாம். அச்சட்டம் முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. பதிவேட்டை அது நிபந்தனையாக்கவில்லை. மாலையோ மோதிரமோ தாலியோ, உற்றார் முன்னிலையில் இருவரும் அறியும் மொழியில் ஏற்றுக்கொண்டால் போதும் என்றது. 1914இல் இறங்கிவந்த அரசைவிட 1967இல் எழுந்த அரசு கரணத்தை நன்கு அறிந்திருந்தது என்பது என் துணிபு.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி வீழ்ந்து, புதிய அரசியலமைப்பு வந்தபின் பழைய கேள்வி மீண்டும் நீதிமன்றம் ஏறியது. ஆப்பிரிக்க மக்களின் வழக்காற்று மணங்களுக்கு, பலதார மணங்கள் உட்பட, 1998இல் சட்டம் ஏற்பளித்தது. முஸ்லிம் திருமணங்களின் பொருட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2022இல் தீர்ப்புரைத்தது. மணமுறிவுச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. பாய் மரியம் கரையிறங்க முடியாமற் போனதிலிருந்து எண்ணினால் ஒரு நூற்றாண்டுக்கு மேல்.

நம்மவர் வழக்குகள் இரண்டு டர்பன் நீதிமன்றத்துக்கு வந்தன. இரண்டிலும் மணம் இந்து முறைப்படி நிகழ்ந்தது. பதிவேடு மட்டும் இல்லை. 2007இல் வந்ததில் பெண் ஒருத்தி மணமுறிவு வேண்டினாள். பதிந்துகொள்ள வழியிருந்தும் பதியவில்லை. எனவே சட்டப்படி முறிப்பதற்குத் திருமணமே இல்லை என்று மன்றம் மறுத்துவிட்டது. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் உள்ள மற்றொன்று கைம்பெண் ஒருத்தியுடையது. கணவன் உயில் எழுதாது இறந்தான். அவன் சொத்து பெற்றோர்க்கே உரியது, இவள் மனைவியல்லள் என்னும் நிலை எழுந்தது. இறந்தவன் சொத்தைப் பகிரும் சட்டத்தில் வரும் துணைவர் என்னும் சொல், இந்து முறைப்படி ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்ந்தவளையும் தழுவும் என்று மன்றம் அறுதியிட்டது. கணவன் உயிரோடிருந்தவரை எந்த ஏட்டிலும் மனைவியாக எழுதப்படாத அப்பெண், அவன் இறந்தபின் அத்தீர்ப்பால் அவனுக்கு மனைவியானாள்.